பெஞ்சை விட்டு எழாதவர்

சான் ரோக், லகூனா
6 மே 1996

மதிப்புக்குரிய செனியோ சித்தப்பாவுக்கு,

இதுவரை ஒரு வரியும் எழுதாதவள் திடீரென்று எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். நான் மரிவிக், உங்கள் அண்ணன் கிரிசாந்தோவின் மகள். ஏழு வருடம் முன்பு நீங்கள் கடைசியாக வந்தபோது பள்ளிச் சீருடையோடு கதவுக்குப் பின்னால் நின்றவள். இப்போது நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நீங்களும் நெனா சித்தியும் சுகந்தானா? உங்கள் முகவரி அம்மாவின் தையல் டப்பாவில் இருந்தது. எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அம்மா இறந்து நீங்கள் வராமல் போன நாளிலிருந்து இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. போன மாதம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் நடந்தது.

தாத்தா நேர்ந்துகொண்ட நம் வீட்டு நேர்த்தி உங்களுக்குத் தெரியும். புதன் காலை கோயில் கொட்டகையில் இயேசுவின் பாடுகளின் பாட்டு தொடங்கியதிலிருந்து இராவுணவுப் பகுதி முடியும்வரை நம் வீட்டு ஆள் ஒருவர் பெஞ்சில் இருக்க வேண்டும், பாட்டு நடுவில் அறக்கூடாது. நீங்கள் வராததிலிருந்து அப்பா ஒருவரே ஏழு மணி நேரம் உட்காருகிறார். எதிர்வரிசையில் யார் யாரோ மாறுவார்கள். அப்பா எழவே மாட்டார். "கிரிசாந்தோவுக்குப் பெஞ்சிலேயே வேர் விட்டுடுச்சு" என்று ஊரில் சொல்வார்கள். அதில் அவருக்குப் பெருமை.

இந்த வருடம் சளி. தொண்டைக்காக இஞ்சித் தண்ணீரைக் குவளை குவளையாகக் குடித்தபடி பாடினார். மதியத்துக்குமேல் நெற்றியெல்லாம் வியர்வை. பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கொட்டகைக்குப் பின்னால் போனவர் வரவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து நடந்தார். அறைக்கும் கழிப்பறைக்குமாக நடை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றார். வியாழக்கிழமை நடக்கவும் முடியவில்லை, வயிறு கல்லாக இருந்தது. மருத்துவமனையில் குழாய் போட்டு ஒன்றரை லிட்டர் சிறுநீர் எடுத்தார்கள். புரோஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை அடைத்திருக்கிறதாம். இப்போது குழாயும் தொடையில் ஒரு பையுமாக இருக்கிறார். வாத்துகளை வயலுக்கு ஓட்டிப் போவதில்லை. சேவல் சண்டைக்குப் போவதில்லை. இந்த வெயிலில் முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்.

என்னோடு இதைப் பேச அவருக்கு வெட்கம். எனக்கும்தான். அவரிடம் பேச ஓர் ஆண்பிள்ளை வேண்டும். உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது என்றாலும் நீங்கள் அவருடைய தம்பி.

உங்கள் இருவர் நலத்துக்கும் வேண்டிக்கொள்ளும்,
மரிவிக்

*

ஜெனரல் சாந்தோஸ்
19 ஜூன் 1996

மகள் மரிவிக்குக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்லாருக்கோம். உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. நம்ம குடும்பத்துல ஒருத்தி பட்டம் வாங்கிட்டான்னு உன் சித்தி தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டா.

இங்க மீனுக்குக் குறைச்சல் இல்ல. எனக்கு அதே வேலைதான். சூரை கரைக்கு வந்ததும் இரும்புக் குழாயைக் குத்தி ஒரு துளி சதையை உருவிப் பாத்து, இது ஜப்பானுக்கு, இது மணிலாவுக்கு, இது டப்பாவுக்குன்னு தரம் சொல்லணும்.

அண்ணன் விஷயம். பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும். குழாயைத் தொடையில ஒட்டும்போது கொஞ்சம் தளர்வு விடு, இல்லன்னா நடக்கிறப்ப இழுக்கும், உசுரு போகும். குழாய் இருக்கிறவரைக்கும் தண்ணி குடிக்கட்டும். கால்சட்டை ஒரு அளவு பெருசா தை, கருப்புத் துணி. இதெல்லாம் இங்க ஒருத்தர் சொன்னது.

நான் எழுதினேன்னு சொல்லாத. வேற என்ன எழுதறதுன்னு தெரியல.

சித்தப்பா
அர்செனியோ

*

சான் ரோக்
14 ஜூலை 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கருப்புத் துணியில் தைத்துக் கொடுத்தேன். அப்பா ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொண்டு சாலைவரை போய்வந்தார். நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. இங்கே நலமில்லை.

ஜூன் கடைசியில் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பு மருத்துவர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார், நான் அப்பாவுக்கு நம் மொழியில் சொல்ல வேண்டும். வேகமாகப் போனதா, சொட்டுச் சொட்டாகவா, முக்கித்தான் போனதா? சுவரில் விதைக்கம்பெனிக் காலண்டர் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அப்பாவும் அதையே பார்த்துப் பதில் சொன்னார். "நாலு வருஷமா முக்கித்தான்." நாலு வருடமாக அவர் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே கேட்கக் கூடாதென்று.

குழாய் எடுத்த அன்று காலை நன்றாகப் போனது. பக்கத்து வீட்டுத் தெமியோங் மாமா மக்காச்சோளக் கதிரின் நுனியில் இருக்கும் பட்டுநாரை ஒரு கட்டு கொண்டுவந்தார். "இதக் காய்ச்சி மூணு செம்பு குடிக்கக் குடு மகளே, ஆறு மாதிரி அடிச்சுக்கிட்டுப் போகும்." இங்கே எல்லோரும் செய்வதுதான். காய்ச்சிக் கொடுத்தேன். வாசலை அடைத்துவிட்டு வீட்டுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டதுபோல் ஆனது. மாலைக்குள் அலறலோடு மருத்துவமனை, மறுபடியும் குழாய்.

இனி அறுவைதான் என்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லையாம், வழியாகவே கருவி விட்டு அடைப்பைச் சுரண்டி எடுப்பது. அப்பா மாட்டேன் என்கிறார். காரணமும் தெமியோங் மாமாதான். சேவலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கிரிசாந்தோ, சேவலுக்குக் காயடிச்சா என்ன ஆகும்? கொழுக்கும். கூவாது. யோசிச்சுக்க." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, "என் தொண்டைய வெச்சுத்தான் இந்த ஊர்ல நான் ஆளு. அத வித்து ஒண்ணுக்குப் போகணுமா?" என்றார். அது வேறு, இது வேறு என்று நான் சொன்னேன். "நீ படிச்சவ, உனக்கு எல்லாம் தெரியும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

'இங்க ஒருத்தர்' என்று எழுதியிருந்தீர்களே, அவர் அறுவை செய்துகொண்டவரா? அவருக்குக் குரல் இருக்கிறதா? விசாரித்து எழுதுங்கள். சித்திக்கு என் அன்பு.

மரிவிக்

*

சான் ரோக்
22 செப்டம்பர் 1996

சித்தப்பாவுக்கு,

பதில் வரவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனா? உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். குடித்தால் பை நிரம்பும், நிரம்பினால் யாராவது பார்ப்பார்கள். போன வாரம் குளிர்க்காய்ச்சல். குழாய்வழியாகக் கிருமி. ஊசி போட்டுத் தணிந்தது. இப்படியே குழாயோடு விட்டால் திரும்பத் திரும்ப வரும், ஒருமுறை சிறுநீரகத்தைப் பிடித்தால் திரும்பாது என்கிறார் மருத்துவர். அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார். மாற்றி மாற்றி நடக்கிறார், உட்காருகிறார், எழுகிறார். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் எனக்கு அந்தச் செருப்புச் சத்தம் கேட்கிறது. என்னாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

முதல் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் புதன்கிழமை சளி மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான். காலையில் ஒன்று, பாட்டுக்கு இடையில் இரண்டு. இப்படிப்பட்ட அடைப்பு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை வழியை இன்னும் இறுக்கிவிடும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். நான் அப்பாவுக்கு அதை மட்டும் சொல்லவில்லை. படித்தவள் கொடுத்த மாத்திரை என்றுதான் அவர் நம்பி விழுங்கினார்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

மரிவிக்

*

ஜெனரல் சாந்தோஸ்
11 அக்டோபர் 1996

ஏ மரிவிக்கு,

நான் நெனா. எழுத்துப்பிழை பாக்காத, நீ டீச்சர்ங்கறது எனக்கு ஞாபகம் இருக்கு. சாப்பிடறியா நல்லா? உங்க சித்தப்பா உன்மேல கோவமா இல்ல. ஜூலையில வந்த உன் கடுதாசிய சட்டப்பையிலயே வெச்சுட்டுத் திரியறாரு. அதுல இப்ப மீன் வாடை. எழுதறாரு, கிழிக்கிறாரு. எழுதறாரு, கிழிக்கிறாரு. "என்னய்யா, ஜப்பான்காரன்கிட்ட மீனப் பத்தி அரைமணி நேரம் வாதாடுற ஆளு, பொண்ணுக்கு ஒரு பதில் போட மாட்டியா?"ன்னேன். "உனக்கென்னடி தெரியும், ஆம்பிளைங்க சமாச்சாரம்"ங்கறாரு. யாரு பைய யாரு நாலு மாசம் காலி பண்ணாங்கன்னு கேட்டேன். 

இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது. அவரே சொல்லட்டும். சொல்ற வரைக்கும் அவருக்கு வறுத்த மீன் கிடையாதுன்னு சொல்லிட்டேன்.

அந்த மாத்திரைய நெனச்சு அழுவாத. நானும் அடைப்புன்னு தெரியாம அவருக்கு இளநியாக் குடுத்தவதான்.

உன் சித்தி

*

ஜெனரல் சாந்தோஸ்
3 நவம்பர் 1996

மகளே,

உன் உடம்பையும் பாத்துக்க. நான் நல்லாத்தான் இருக்கேன், இப்ப.

அந்த 'ஒருத்தர்' நான்தான். இத உனக்கு முன்னாடியே எழுதிருக்கணும்.

தொண்ணூறாம் வருஷம் பெரிய வாரத்துக்குப் புறப்பட்டு வந்தேன். கப்பல்ல ஒண்ணும் தெரியல, கழிப்பறை பக்கத்துலயே பாய் போட்டுக்கிட்டேன். மணிலாத் துறைமுகத்துல பஸ் ஏறினேன். முதல் தடவ நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினான். ரெண்டாவது தடவ நடத்துனர், "தாத்தா, இப்படியே போனா ஈஸ்டர் முடிஞ்சுதான் ஊர் போய்ச் சேருவோம்"னான். பஸ்ஸே சிரிச்சுது. இறங்கி நின்னா வராது, ஏறி உக்காந்தா முட்டும். மூணாவது தடவ நான் கேக்கல. கலாம்பாவுல இறங்கினேன். என் கால்சட்டைய யாரும் பாக்கக்கூடாதுன்னு துணிப்பைய முன்னால பிடிச்சுக்கிட்டேன். நம்ம ஊருக்கு அங்கேருந்து முக்கால் மணி நேரம். அப்படியே திரும்பிக் கப்பல் ஏறிட்டேன். வேலை இருக்குன்னு அண்ணனுக்கு எழுதினேன்.

உங்கம்மா இறந்தப்ப தந்தி வந்தது. அன்னைக்கு என் தொடையில பை கட்டியிருந்தது. துக்க வீட்டுல ஒம்பது நாள் ஜெபம், ஊர் பூரா, பெஞ்சுல பக்கத்துப் பக்கத்துல. டிக்கெட் கிடைக்கலன்னு எழுதினேன். பொய். மறு மாசம் அறுவை செஞ்சுக்கிட்டேன். ஆனா அந்தப் பொய்யோட எப்படி வாசல்ல வந்து நிக்கிறது? வருஷம் போகப் போகக் கால் இன்னும் கனத்துப்போச்சு.

முப்பது வருஷமா மீனுக்குக் குழாய் குத்தினவனுக்கே குழாய் குத்துனாங்க. எந்தத் தரம்னு கேட்டேன். "டப்பா"ன்னு சொன்னார் டாக்டர். சிரிச்சேன். அப்புறம் மூணு நாள் ரத்தமாப் போச்சு, பயந்தேன். ரெண்டு மாசம் அவசரம் அவசரமா வந்தது, ஓட்டமாத்தான் இருந்தது. அப்புறம் சரியாயிடுச்சு. படுக்கையில ஒண்ணு ரெண்டு விஷயம் மாறும், அத அண்ணன்கிட்டதான் சொல்வேன், உனக்கு எழுத மாட்டேன். ஆனா காயடிக்கிறது இல்ல இது. தெமியோங் சேவலுக்குத்தான் டாக்டர்.

மாத்திரை மேல பழியப் போட்டுக்காத. அண்ணன் நாலு வருஷம் முக்கினதா நீயே எழுதியிருக்க. அந்தக் கதவு எப்பவோ சாத்திக்கிட்டு இருந்தது. ஆனா அவர்கிட்ட சொல்லிடு. என்னை மாதிரி நாள் கடத்தாத.

குரல் இருக்கான்னு கேட்ட. கடுதாசியில எழுதினா அண்ணன் நம்ப மாட்டார். இதோட ஒரு கேசட் வெச்சிருக்கேன். இராவுணவுப் பகுதி, இரண்டாம் குரல் மட்டும். அண்ணனோட முதல் குரல் வர்ற இடத்துல சும்மா விட்டிருக்கேன்.

செனியோ

*

சான் ரோக்
8 டிசம்பர் 1996

அன்புள்ள சித்தப்பா, சித்தி,

இருவரும் சுகந்தானே? சித்தி, சித்தப்பாவுக்கு மீனைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். கலாம்பா என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பிறகு வாத்துக்கொட்டிலுக்குப் போய்விட்டார். நான் கேசட்டைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். உங்கள் குரல் வந்தது, பிறகு வெறும் இரைச்சல், பிறகு மறுபடி உங்கள் குரல். மூன்றாவது இடைவெளியில் கொட்டிலிலிருந்து அப்பா பாடினார். மார்ச் மாதத்துக்குப் பிறகு... இல்லை, ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறை. வாத்துகள் கத்தின. "சும்மா இருங்கடி!" என்று அவற்றை அதட்டிவிட்டு அடுத்த அடியைப் பிடித்தார்.

உள்ளே வந்து, "மடையன், இன்னும் அதே இடத்துலதான் மூச்சு விடறான்" என்றார். பிறகு, "அறுவை செஞ்சவன் குரலா இது? நிஜமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தேதி கேளு."

ஜனவரி பதினான்கு.

மாத்திரையைப் பற்றி அன்றைக்கே சொன்னேன். காலண்டர் எதுவும் இல்லாததால் தரையைப் பார்த்துச் சொன்னேன். "நான்தான கேட்டேன்? பாட்டு நடுவுல ரெண்டு குடுன்னு நான்தான கைய நீட்டினேன்?" என்றார். பிறகு, "இவ்வளவு நாளா இத வெச்சுக்கிட்டா சோறு திங்காம இருந்த?" என்றார். நான் சாப்பிடாததை அவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

உங்கள் மரிவிக்

*

மருத்துவமனை
17 ஜனவரி 1997

தம்பி செனியோவுக்கு,

முடிந்தது. குழாயை இன்று எடுத்தார்கள். போனது. மரிவிக் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், தண்ணீரைத் திறந்துவிடவில்லை. உன் டாக்டரைப்போல் என் டாக்டருக்கு வேடிக்கை பேசத் தெரியாது.

ஏழாம் அடியில் மூச்சு விடாதே. எட்டாம் அடி முடிந்து விடு. நாற்பது வருடமாகச் சொல்கிறேன்.

அண்ணன்

*

சான் ரோக்
16 பிப்ரவரி 1997

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அப்பாவின் கடிதம் கிடைத்திருக்கும். மருத்துவமனையில் என்னிடம் காகிதம் வாங்கி, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் ஆகிறது. பை இல்லை. வாத்துகளோடு வயலுக்குப் போகிறார், வரப்போரத்தில் நினைத்த இடத்தில் நிற்கிறார், ராஜா மாதிரி திரும்பி வருகிறார். தெமியோங் மாமா வேலிக்கு அந்தப்பக்கமிருந்து "என்ன கிரிசாந்தோ, கூவுதா?" என்று கேட்டார். அப்பா அங்கேயே நின்று முதல் அடியை முழுக்குரலில் எடுத்தார். மாமாவின் சேவல் பயந்து கூரைமேல் ஏறிவிட்டது. போன வாரம் மாமா தனியாக என்னிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, அந்த மருத்துவர் எந்தக் கிழமை உட்காருவார் என்று கேட்டார்.

ஆனால் நீங்கள் எழுதியதுபோலவே இப்போது அவசரம். அரைமணிக்கு ஒருமுறை எழ வேண்டியிருக்கிறது. வந்தால் நிற்காது, ஓட்டம்தான். நாளாக நாளாகக் குறையும் என்கிறார்கள். பெரிய வாரத்துக்குள் முழுவதும் குறையாது.

பெரிய வாரம் பற்றி யாராவது பேச்செடுத்தால் வெளியே போய்விடுகிறார். நேற்று கோயில்காரர்கள் வந்தார்கள். "இந்த வருஷம் பெஞ்ச வேற வீட்டுக்குக் குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாட்டுப் புத்தகத்தைத் துணியில் சுற்றி அலமாரிமேல் வைத்திருக்கிறார். அரைமணிக்கு ஒருமுறை எழுகிறவன் பெஞ்சில் எதற்கு என்கிறார். நான் உட்காருகிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். "உன் சுருதி உங்கம்மா வழி. ஆண்டவர் ஒரு தடவ பாடுபட்டது போதும்" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். வாசலுக்கும் அலமாரிக்குமாக. பை கட்டியிருந்தபோது நடந்த அதே நடை. உடம்பு தேறிவிட்டது, நடை நிற்கவில்லை.

நேர்த்தி என்னவென்று நான் யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டு ஆள் ஒருவர் பெஞ்சில் இருக்க வேண்டும், பாட்டு அறக்கூடாது. அவ்வளவுதான். அந்த ஆள் எழவே கூடாது என்று தாத்தா சொல்லவில்லை. அது அப்பா தானாகச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் வராத வருடங்களில் சேர்த்துக்கொண்டது.

அதனால் சில வேலைகளை அவருக்குத் தெரியாமல் செய்துவிட்டேன். கோயில்காரர்களை வழியில் நிறுத்தி, வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். என்னிடமிருந்து இவ்வளவு பேச்சு வரும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பெஞ்சைக் கொட்டகையின் பின்வாசல் ஓரமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து கழிப்பறைக்குப் பதினெட்டுக் காலடி, நடந்து பார்த்தேன். துறைமுகத்துக்குத் தெமியோங் மாமாவின் ஜீப்னி வண்டியில் நானே வருவேன். பஸ் வேண்டாம். நீங்கள் எத்தனை முறை நிறுத்தச் சொன்னாலும் நிற்கும், வண்டியில் நம்மைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். கலாம்பாவில் நிற்காமல் வந்தாலும் சரி, நின்று வந்தாலும் சரி.

இதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு உங்களைத் தெரியாது. பிறகு தெரிந்தபோது, கேட்க வாய் வரவில்லை.

மார்ச் இருபத்தாறு, புதன்கிழமை. அப்பா எழுந்து போய்த் திரும்பி வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் முதல் குரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அவர் பக்கத்தில் வந்து உட்காருவீர்களா, சித்தப்பா?

மரிவிக்